பொன்னாடைக்குப் பஞ்சமில்லை

மார்ச் 8 வந்தால் சிலாங்கூர்த் தலைநகர் ஷா ஆலமில் ஊதாத் துணிக்குத் தட்டுப்பாடு. மண்டபத்துக்கு மண்டபம் மகளிர் தினம். அது போதாதென்று ஆகஸ்ட் 25 அன்று நமக்கென்று தனியாக ஒரு தேசிய மகளிர் தினம். ஆண்டுக்கு இரண்டு முறை பெண்ணைப் போற்றுகிற நாடு நம் மலேசியா. மிச்சம் 363 நாளும் அவள் வரிசையில் நிற்கலாம்.

நிகழ்ச்சி நிரல் உங்களுக்கே மனப்பாடம். சிறப்பு விருந்தினர் ஒன்றரை மணி நேரம் தாமதம். குத்துவிளக்கு. டான்ஸ்ரீ, டத்தோஸ்ரீ, டத்தோ, டத்தின் என்று பட்டங்களைச் சொல்லி முடிப்பதற்குள் வரவேற்புரையில் பாதி போய்விடும். பிறகு சிறுமிகளின் பரதம். இந்தச் சிறுமிகளைத்தான் காப்பாற்றப் போகிறார்களாம். அவர்களோ மாலை ஆறு மணியிலிருந்து பசியோடு ஒப்பனையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பிறகு பொன்னாடை. போர்த்தியவருக்கே திருப்பிப் போர்த்துவார்கள். கடைசியில் மேடைக்குக் கதவு அகலத்தில் ஒரு பலகை வரும். மாதிரி காசோலை. பத்துப் பேர் சேர்ந்து பிடிப்பார்கள். ஓரத்தில், சாதாரணச் சேலையில், பாதி முகம் பலகைக்குப் பின்னால் மறைய ஒரு பெண்மணி நிற்பார். காப்பகத்தை நடத்துகிறவர் அவர்தான். மறுநாள் பத்திரிகைப் படத்தில் அந்தப் பாதி முகமும் வெட்டுப்பட்டிருக்கும்.

அந்தப் பலகையை எந்த வங்கியும் வாங்காது. உண்மையான பணத்துக்குப் பாரம் பூர்த்தி செய்ய வேண்டும். சங்கப் பதிவு இலாகாவின் சான்று வேண்டும். தணிக்கை செய்த கணக்கு வேண்டும். போன முறை பெற்ற பணத்தில் என்னென்ன செய்தீர்கள் என்று படங்களோடு அறிக்கை வேண்டும். எல்லாம் கொடுத்த பிறகு, "அடுத்த வாரம் கூப்பிடுங்கம்மா." அடுத்த வாரம் அந்த அதிகாரி வேறு பிரிவுக்கு மாறியிருப்பார். பலகை மட்டும் பத்திரமாக இருக்கும். ஒரே அறையில் இரண்டு குடும்பம் படுக்கிற காப்பகங்களில் அதை நடுவில் நிறுத்தித் தடுப்பாகப் பயன்படுத்தலாம். அரசாங்க உதவி வீண் போகவில்லை என்று அறிக்கையிலும் எழுதலாம்.

இந்த விழாக்களுக்கெல்லாம் பெயர் விழிப்புணர்வு. யாருக்கு? அடிபட்டவள் ஏற்கெனவே தூங்காமல்தான் கிடக்கிறாள்.

ராத்திரி இரண்டு மணிக்கு ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் ஓர் அடுக்குமாடி வீட்டிலிருந்து ஒருத்தி இறங்குகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடுப்பில் ஒரு பிள்ளை, கையைப் பிடித்தபடி இன்னொன்று. நெகிழிப்பையில் பிறப்புப் பத்திரங்களும் ஒரு செட் பள்ளிச் சீருடையும். முதல் வாசல் போலீஸ் நிலையம். "குடும்பச் சண்டைதானே, காலையில பேசித் தீர்த்துக்கலாமே." இரண்டாவது மருத்துவமனை. மூன்றாவது சமூக நல இலாகா. நான்காவது நீதிமன்றம். ஐந்தாவது பள்ளிக்கூடம், அங்கே, "அப்பா கையெழுத்து எங்கே?" ஒவ்வொரு வாசலிலும் முதலிலிருந்து கதையைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் ஒருவர் அவள் முகத்தைப் பார்த்து, காயம் பெரிதா சின்னதா என்று மனசுக்குள் அளப்பார்.

இந்த ஐந்து வாசலிலும் அவள் பக்கத்தில் இன்னொருத்தி உட்கார்ந்திருக்கிறாள். ஏதோ ஒரு சின்ன இயக்கத்தின் தொண்டர். பெட்ரோல் அவளுடையது. கைப்பேசிக் கட்டணம் அவளுடையது. வேலைக்குப் போட்ட விடுப்பும் அவளுடையது. அவசரப் பாதுகாப்பு ஆணை என்று ஒன்று 2018 முதல் நடப்பில் இருக்கிறது. சமூக நல அதிகாரி இரண்டு மணி நேரத்துக்குள் தர வேண்டும். போலீஸ் புகார்கூடத் தேவையில்லை. ஏழு நாள் செல்லும். நல்ல ஏற்பாடு. ஆனால் இப்படி ஒன்று இருப்பது தெரிந்தால்தானே கேட்பாள்? அதை அவளுக்குச் சொன்னது அமைச்சர் சிரிக்கிற பதாகை அல்ல, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அந்தத் தொண்டர்தான். சம்பளம் வாங்குகிற அலுவலகம் ஐந்து மணிக்குக் கதவைச் சாத்தும். சம்பளம் வாங்காதவளுக்குச் சாத்துவதற்குக் கதவே கிடையாது.

சரி, அரசாங்கம் சும்மாவா இருந்தது என்று கேட்பீர்கள். இல்லை. ஆலோசனை சொன்னது.

2020 மார்ச் கடைசி. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. அடிக்கிறவனும் அடிவாங்குகிறவளும் ஒரே வீட்டுக்குள் பூட்டப்பட்ட நேரம். உதவி எண்களுக்கு அழைப்புகள் கூடிக்கொண்டே போயின. அப்போது மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சு ஒரு சுவரொட்டி வரிசை வெளியிட்டது. வீட்டிலிருந்து வேலை செய்தாலும் ஒப்பனை செய்துகொள்ளுங்கள். கணவரை நச்சரிக்காதீர்கள். வேலை சொல்லும்போது குத்திக்காட்டாமல், டோரேமோன் குரலில், கொஞ்சிச் சிரித்துக் கேளுங்கள். டோரேமோன் என்பது ஜப்பானியக் கேலிச்சித்திரத்து நீலப் பூனை. உலகம் முழுக்க அரசாங்கங்கள் தங்குமிடங்களைத் தேடிக்கொண்டிருந்தபோது நம் அரசாங்கம் பூனையைத் தேடிப் பிடித்தது. உலகம் சிரித்த பிறகு சுவரொட்டி போனது, வருத்தம் வந்தது.

2021 டிசம்பரில் வெள்ளம். ஸ்ரீ மூடாவில் சனங்கள் கூரை மேல் ஏறி நின்றார்கள். படகோடு வந்தவர்கள் பெரும்பாலும் சாதாரண ஆள்கள். சோறு பொங்கிக் கொடுத்தது கோவில்களும் குருத்துவாராக்களும் பெண்கள் இயக்கங்களும். தண்ணீர் வடிந்த பிறகு மகளிர் அமைச்சர் ரினா ஹருண் நீர்ப்பீச்சியோடு களமிறங்கினார். ஏற்கெனவே சுத்தமாகத் தெரிந்த தரையை அவர் கழுவுகிற காணொளி ஊரெல்லாம் சுற்றியது.

இரண்டு மாதம் கழித்து, 2022 பிப்ரவரியில், அதே அமைச்சின் துணையமைச்சர் சித்தி சைலா முகமட் யூசோப் காணொளியில் வந்தார். அடங்காத மனைவியை முதலில் கணவர் கண்டிக்கலாம். திருந்தவில்லையா, மூன்று நாள் தனியாகப் படுக்கலாம். அப்போதும் திருந்தவில்லையா, மென்மையாக, ஆனால் உறுதியாகத் தொட்டுக் கண்டிக்கலாம். மனைவிகளுக்கும் அறிவுரை உண்டு: கணவர் சாப்பிட்டு, தொழுது, ஓய்வாக இருக்கும்போது மட்டும் பேசுங்கள். குடும்ப வன்முறையைத் தடுக்க வேண்டிய அமைச்சு, அதற்குப் படிப்படியாகச் செய்முறை விளக்கம் கொடுத்தது. இதற்கு முன் 2019-இல் ஒரு செனட்டர், பெண்கள் மயக்குவதிலிருந்து ஆண்களைக் காப்பாற்றச் சட்டம் வேண்டும் என்று மேலவையில் எழுந்து கேட்டார். மறுநாள் வாபஸ் வாங்கிக்கொண்டார். ஆண்களைப் பாதிக்கப்பட்டவர்கள் பட்டியலில் சேர்க்க அவருக்கு ஒரு நிமிடப் பேச்சு போதும். பாலியல் தொல்லைக்குச் சட்டம் கேட்ட பெண்கள் இயக்கங்களுக்கு 20 ஆண்டுக்கு மேல் ஆனது. 2022-இல் சட்டம். 2024 மார்ச் 8-இல் தீர்ப்பாயம். தேதியைக் கவனித்தீர்களா? அதற்கும் ஒரு விழா.

இந்த நாட்டில் பெண்ணைக் காக்கிற சட்டம் எதுவாவது அமைச்சரின் மூளையில் உதித்திருந்தால் சொல்லுங்கள், பொன்னாடையோடு வருகிறேன். 1982-இல் பெட்டாலிங் ஜெயாவில் டபிள்யூ.ஏ.ஓ. என்கிற மகளிர் உதவி அமைப்பு, அடிபட்ட பெண்களுக்கான முதல் காப்பகத்தைத் திறந்தபோது, மனைவியை அடிப்பது வீட்டு விவகாரம். 1985-இல் இயக்கங்கள் சேர்ந்து கூட்டம் போட்டுப் பிரசாரம் தொடங்கின. அதில் பிறந்ததுதான் அவாம் என்கிற மகளிர் இயக்கம். குடும்ப வன்முறைச் சட்டம் 1994-இல் நிறைவேறியது. நிறைவேறிய சட்டம் நடப்புக்கு வந்தது 1996 ஜூன் மாதம். அத்தனை ஆண்டு இழுத்ததும் போதாமல், கையெழுத்தான காகிதத்தை இரண்டு ஆண்டு அலமாரியில் ஊறப் போட்டார்கள். மருத்துவர், போலீஸ், ஆலோசகர் மூவரையும் பெண் தேடி அலையாமல் அவளிடமே வரவைக்கிற நெருக்கடி மையம் 1994-இல் கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் தொடங்கியது. அதற்குப் பின்னாலும் இதே பெண்கள்தான். தோட்டத்திலும் மின்னணுத் தொழிற்சாலையிலும் வேலை செய்த பெண்களுக்காக 1984 முதல் சஹாபாட் வனித்தா சிலாங்கூர் உழைக்கிறது. நம் அம்மாக்களின் சம்பளச் சீட்டை வாங்கிப் பார்த்து, பிடித்தம் ஏன் இவ்வளவு என்று கேட்டவர்கள் அவர்கள். அவர்கள் பெயரில் ஷா ஆலமில் ஒரு சந்துகூடக் கிடையாது. ஆனால் பிரிக்ஃபீல்ட்ஸில் யானைச் சிலைகள் வைத்த நீரூற்று இருக்கிறது.

சோறு போடுகிற வரை இயக்கத்துக்கு மாலை. சோறு ஏன் இல்லை என்று கேட்டால் வழக்கு.

ஐரின் பெர்னாண்டஸைக் கேளுங்கள். கேட்க முடியாது, 2014-இல் போய்ச் சேர்ந்துவிட்டார். தோட்டத்து வீட்டுப் பிள்ளை. 1991-இல் தெனாகானித்தா என்கிற இயக்கத்தைத் தொடங்கினார். தடுப்பு முகாம்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் நடத்தப்படும் விதத்தை, பட்டினியை, சாவுகளை 1995-இல் எழுதி வெளியிட்டார். முகாமைத் திருத்துவார்கள் என்று நினைத்தார். 1996-இல் அவரையே கைது செய்தார்கள். பொய்ச் செய்தி பரப்பினாராம். நாட்டின் மிக நீண்ட விசாரணைகளில் ஒன்று. 2003-இல் ஓராண்டு சிறை என்று தீர்ப்பு. மேல்முறையீட்டுக்காகக் காத்திருந்த நேரத்தில், 2005-இல், மாற்று நோபல் என்று சொல்லப்படுகிற ரைட் லைவ்லிஹுட் விருதை வெளிநாட்டில் கொடுத்தார்கள். இங்கே கொடுத்தது கோர்ட் சம்மன். 2008 நவம்பரில் விடுதலை. ஒரு பெண்ணின் வாழ்வில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் தின்றுவிட்டு, குற்றமில்லை, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

சிஸ்டர்ஸ் இன் இஸ்லாம் கதை இன்னும் பக்கத்தில், நம் சிலாங்கூரிலேயே நடந்தது. ஜீவனாம்சம் கிடைக்காத, விவாகரத்து இழுபடுகிற முஸ்லிம் பெண்களுக்கு 2003 முதல் தெலெனிசா என்ற பெயரில் இலவசச் சட்ட ஆலோசனை சொல்கிற இயக்கம். 2014-இல் சிலாங்கூர் அரசிதழில் அவர்களுக்கு எதிராக ஃபத்வா வந்தது. வழிதவறியவர்களாம். கூட்டரசு நீதிமன்றம் 2025 ஜூனில், நிறுவனமாகப் பதிவு பெற்ற அமைப்பை அது கட்டுப்படுத்தாது என்று பெரும்பான்மைத் தீர்ப்பு சொல்வதற்குள் 11 ஆண்டு. அத்தனை ஆண்டும் வழக்கறிஞர், கோப்பு, தவணை. அந்தக் காசில் எத்தனை பெண்களுக்கு வழக்கு நடத்தியிருக்கலாம் என்று யாரும் தணிக்கை செய்ய மாட்டார்கள்.

இந்திரா காந்தியை நான் விளக்க வேண்டியதில்லை. ஈப்போவின் பாலர்பள்ளி ஆசிரியை. 2009-இல் 11 மாதக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனவர் முன்னாள் கணவர். 2018 ஜனவரியில் கூட்டரசு நீதிமன்றம் ஒருமனதாகத் தாயின் பக்கம் தீர்ப்பு சொன்னது. 2025-லும் அந்தத் தாய் மகளைக் கேட்டுத் தெருவில் நடந்தார். கூட நடந்தது தன்னார்வ ஆள்கள்தான். ஹெலிகாப்டர் வைத்திருக்கிற போலீஸ் இன்னும் தேடுகிறது.

பணம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். இந்தியச் சமுதாயத்துக்கென்று மித்ரா இருக்கிறது. ஆண்டுக்குப் 10 கோடி வெள்ளி. 2021-இல் ஊழல் தடுப்பு ஆணையம் அதன் மானியங்களைத் தோண்டத் தொடங்கியபோது நிறுவன உரிமையாளர்களும் இயக்கத் தலைவர்களும் வரிசையாகத் தடுத்து வைக்கப்பட்டார்கள். நமக்குத் தெரியாத பெயரில் எத்தனை இயக்கங்கள்! பிறகு மித்ராவை ஓர் அமைச்சிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினார்கள். திரும்பவும் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார்கள். பெயர்ப்பலகை எழுதுகிறவர் பிழைத்தார். பாதிக்கப்பட்டது யார் தெரியுமா? கிள்ளானில் கடைவீட்டு மாடியில் வாடகைக்கு இருந்துகொண்டு, பத்துப் பெண்பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக்கொடுக்கிற சின்ன இயக்கம். இப்போது அவர்கள் மானியம் கேட்டுப் போனால் மேலும் கீழும் பார்க்கிறார்கள். கோடியில் கை வைத்ததாகச் சந்தேகிக்கப்பட்டவர் கார் நிறுத்த இடம் தேடுகிறார். நூற்றைம்பது வெள்ளி மின்கட்டணத்துக்கு ரசீது தொலைத்தவள் விளக்கக் கடிதம் எழுதுகிறாள்.

நம்மையும் விட்டுவைக்கப் போவதில்லை. கும்பாபிஷேகத்துக்கு லட்சம் வெள்ளி திரட்டுகிற சமுதாயம் இது. தவறில்லை, சாமிக்குத்தானே. ஆனால் காப்பகத்துக்குக் கேட்டால் கை ஏன் சுருங்குகிறது? நான் கண்டுபிடித்த காரணம் ஒன்றுதான். காப்பகத்தின் முகவரி ரகசியம். தேடி வருகிற கணவனுக்குத் தெரியக்கூடாது. அதனால் வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. பலகை இல்லாத இடத்தில் 'உபயம்' என்று எங்கே எழுதுவது? மின்விசிறி கொடுத்தால் இறக்கையில் பெயர் சுற்ற வேண்டும், அதையும் நாலு பேர் அண்ணாந்து பார்க்க வேண்டும். தீபாவளிப் பலகாரக் கூடையோடு நிருபரையும் கூட்டிக்கொண்டு காப்பகத்துக்கே வருகிறோம் என்று அடம்பிடிக்கிற பெரிய மனிதர்கள் எல்லா ஊரிலும் உண்டு. முகவரி தர முடியாது என்றால் கோபம் வருகிறது. ஒளிந்திருக்கிற பெண்ணோடு படம் எடுத்து நாளிதழில் போட்டால், அவள் ஒளிந்திருக்கிற இடத்தை நாமே அவனுக்குச் சொன்னதாகும் என்பது அவர்களுக்குப் புரிய நேரமாகிறது.

பிறகு சமரசக் குழு. கோவில் தலைவர், தாய்மாமன், கட்சிக் கிளைத் தலைவர். மூவரும் சேர்ந்து ஒரே தீர்ப்பு: "அனுசரிச்சுப் போம்மா. பொம்பளப் பிள்ளைய வச்சிருக்க." பொம்பளப் பிள்ளையை வைத்திருப்பதால்தானே ஓடி வந்தாள்? அடித்தவனைக் கூப்பிட்டு, "அனுசரித்துப் போடா" என்று இந்தக் குழு சொல்லி நான் கேட்டதில்லை.

அரசியல்வாதிகளின் மகளிர் பாசம் தேர்தல் வந்தால் பொங்கும். வீடு வீடாக நடக்க மகளிர் பிரிவு. தேநீர் கலக்க மகளிர் பிரிவு. வேட்பாளர் பட்டியல் என்று வந்தால், "தகுதியானவர்களைத் தேடுகிறோம்." 2022 பொதுத்தேர்தலில் வென்ற 222 பேரில் 30 பேர் பெண்கள். மற்ற 192 பேரும் தகுதித் தேர்வு எழுதி வந்தவர்களாக்கும்! அந்த நாடாளுமன்றம் இயற்றும் சட்டம்தான் திருமணத்துக்குள் நடக்கும் வல்லுறவை இன்றுவரை வல்லுறவு என்று சொல்லவில்லை. காயப்படுத்தியிருந்தால், பயமுறுத்தியிருந்தால் வேறு பிரிவு உண்டு, ஐந்து ஆண்டு வரை சிறை. அதாவது பெண் முதலில் இரத்தம் காட்ட வேண்டும்.

ஷா ஆலம் ஒரு நல்ல காரியமும் செய்திருக்கிறது, மறைக்க மாட்டேன். 2018-இல் சிலாங்கூர் சட்டமன்றம் முஸ்லிம் பெண்களின் குறைந்தபட்சத் திருமண வயதை 16-லிருந்து 18 ஆக்கியது. மற்ற மாநிலங்களுக்கு முன்னோடி. அதே ஆண்டு கிளந்தானைச் சேர்ந்த 41 வயது ஆள் 11 வயதுச் சிறுமியைக் கட்டிக்கொண்டதற்கு விதித்த அபராதம் 1,800 வெள்ளி. ஆக, மனம் வைத்தால் முடியும் என்பது ஷா ஆலத்துக்குத் தெரியும். இதைச் சொல்வது, மற்றதெல்லாம் ஏன் முடியவில்லை என்று கேட்கத்தான்.

ஐரோப்பிய மன்றம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. பத்தாயிரம் பேருக்கு ஒரு குடும்பம் தங்க ஓர் இடம். சிலாங்கூரில் சுமார் 70 லட்சம் பேர். அப்படியானால் 700 குடும்பங்களுக்கு இடம் வேண்டும். இன்றைக்கு எத்தனை இருக்கிறது? அதில் எத்தனை அரசாங்கம் நடத்துவது, எத்தனை சேலை விற்றும் கேக் விற்றும் தொண்டர்கள் நடத்துவது? இதைக் கேட்க நாம் ஆராய்ச்சியாளராக இருக்க வேண்டியதில்லை. வாக்காளர் அட்டவணையில் பெயர் இருந்தால் போதும்.

எனவே இரண்டு வேலை. முதலாவது, உங்களுக்குத் தெரிந்த ஒரு பெண்கள் இயக்கத்துக்கு மாதம் இருபது வெள்ளி தானாகப் போகும்படி வங்கியில் எழுதிக் கொடுங்கள். பெரிய தொகை வேண்டாம், நிற்காமல் போனால் போதும்; வாடகை மாதாமாதம்தான் வருகிறது. படம் வராது. பொன்னாடை கிடைக்காது. வரிவிலக்கு பெற்ற இயக்கமென்றால் ரசீது கிடைக்கும், அதையும் கேட்டு வாங்குங்கள். பக்கத்து வீட்டில் சத்தம் கேட்டால் தொலைக்காட்சி ஒலியைக் கூட்டாமல் 15999-க்கு அழையுங்கள். அது அரசாங்கத்தின் தாலியான் காசே எண்தான்; நம் வரிப்பணத்தில் ஓடுவது, வேலை வாங்குங்கள்.

இரண்டாவது, உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரே ஒரு கேள்வி எழுதுங்கள். என் தொகுதியில் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பெண் பிள்ளைகளோடு இறங்கினால், அவள் படுக்க எத்தனை இடம் இருக்கிறது? எண்ணில் பதில் வேண்டும். விழா அழைப்பிதழ் பதிலாக வந்தால், திருப்பி அனுப்பிவிட்டு மறுபடியும் கேளுங்கள்.